97 சதவீதம் அழிந்த நரம்புப் பாதை: பேத்ரோ பாக்-இ-ரீத்தாவின் பக்கவாதமும் மீட்சியும்

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பேத்ரோ பாக்-இ-ரீத்தாவின் கதை எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் அது மனவலிமையின் கதையாகத்தான் சொல்லப்படுகிறது: டாக்டர்கள் கைவிட்டார்கள், மகன் கைவிடவில்லை, அப்பா எழுந்து நடந்தார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடக்கிறவருக்கும், அவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு ஒடிந்துபோகும் மனைவிக்கும் இந்தக் கதையால் என்ன பயன்? அந்த வீட்டில் என்ன செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள், மூளையின் எந்த இடம் கெட்டிருந்தது? ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்கு வேண்டியவை இவைதான். பேத்ரோ விஷயத்தில் இவற்றை ஆராய அபூர்வமான வசதி ஒன்று உண்டு. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்திருக்கிறார்கள்.

நோயாளி

ஆண்டு 1959. பேத்ரோவுக்கு வயது 65. கட்டலான் கவிஞர், அறிஞர், நியூயார்க்கின் சிட்டி காலேஜில் பாடம் நடத்தியவர், மனைவியை இழந்தவர். பக்கவாதத்தில் முகமும் உடம்பின் ஒரு பாதியும் செயலிழந்தன, பேச்சும் நின்றது. தளர்ந்துபோனது வலக்கை.

அவருக்குப் பால், ஜார்ஜ் என்று இரண்டு மகன்கள். பால் மருத்துவ ஆராய்ச்சியில் இருந்தார். ஜார்ஜ் மெக்சிகோவில் மருத்துவ மாணவர். அப்பா தேற வழியில்லை, ஏதாவதொரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவது நல்லது என்று ஜார்ஜிடம் சொன்னார்கள். அவர் அப்பாவைத் தன்னோடு மெக்சிகோவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே நான்கு வாரம் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தது. அந்தக் காலத்து வழக்கம் அவ்வளவுதான். அது முடிந்த பிறகும் பேத்ரோவைக் கழிவறையில் உட்காரவைக்கவும் எழுப்பவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டியிருந்தது. ஜார்ஜும் தோட்டக்காரரும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

நான்கு வாரத்தோடு நிறுத்தியவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துப் போனவை, அங்கே அழிந்தது அழிந்ததுதான், எதுவும் திரும்ப முளைக்காது என்பதுதான் அன்றைய பாடம். நரம்பியலின் முன்னோடியான சாண்டியாகோ ரமோன் இ காஹால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி எழுதியிருந்தார், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். முளைக்காத இடத்தில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அன்று மூளைக்குள் எட்டிப் பார்க்கும் வழியும் சுருக்கம். சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது 1971இல், லண்டனில். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்தில் பலன் தருகிறது என்று நிறுவப்பட்டது 1995இல். பேத்ரோவின் மூளையில் எந்த இடம், எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் தெரியாது.

தோட்டத்தில் நடந்தது

ஜார்ஜுக்கு மறுவாழ்வு மருத்துவத்தில் எந்தப் பயிற்சியும் கிடையாது. எனவே அவர் ஒரு எளிய கணக்குப் போட்டார். குழந்தை எப்படி நடக்கக் கற்கிறது? முதலில் தவழ்கிறது. அப்பாவும் முதலில் தவழட்டும்.

முட்டிக்கு உறை மாட்டி, நான்கு காலில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கையும் காலும் உடம்பைத் தாங்கவில்லை. கொஞ்சம் தாங்கத் தொடங்கியதும், தளர்ந்த பக்கத்துத் தோளைச் சுவரில் சாய்த்தபடி சுவரோரமாகவே தவழவைத்தார். இது மட்டுமே மாதக்கணக்கில் நடந்தது. பிறகு தோட்டத்துக்கு வந்தார்கள். பேராசிரியரை நாய் மாதிரித் தவழவிடுகிறானே, இது நன்றாகவா இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள். (நம் தெருவாக இருந்தால் முணுமுணுப்போடு நின்றிருக்காது, உறவுக்காரர் யாராவது போன் போட்டுச் சண்டைக்கே வந்திருப்பார்கள்.)

தவழ்தலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு சேர்த்துக் கொடுத்த வேலைகள். தரையில் கோலி விளையாடினார்கள். காசுகளை இறைத்துவிட்டு வலக்கையால் பொறுக்கச் சொன்னார்கள். பாத்திரம் கழுவும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டது: நல்ல கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, தளர்ந்த கையால் உள்ளே சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். வலஞ்சுழியாகப் பதினைந்து நிமிடம், இடஞ்சுழியாகப் பதினைந்து நிமிடம். பாத்திரத்தின் விளிம்பு கை விலகிப் போகாமல் பார்த்துக்கொண்டது. இப்போது லட்சக்கணக்கில் விலை சொல்லும் ரோபோ கருவிகள் சிலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன: கை போக வேண்டிய தடத்துக்கு ஒரு வரம்பு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கான தடவை போய்வர வைப்பது.

தவழ்ந்தவர் முட்டியில் நிமிர்ந்தார், பிறகு எழுந்து நின்றார், பிறகு நடந்தார். பேச்சு வருவதற்கான அறிகுறிகள் ஏறக்குறைய மூன்று மாதத்தில் தெரிந்தன. மேலும் சில மாதம் போனதும் மறுபடி எழுத ஆசைப்பட்டார். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, நடுவிரலை வேண்டிய எழுத்துக்கு நேரே கொண்டுவந்து, முழுக் கையையும் அப்படியே கீழே போடுவார். அது பழகியதும் மணிக்கட்டை மட்டும் கீழே விடுவது. அதுவும் பழகியதும் விரல்கள், ஒவ்வொன்றாக.

68 வயதில் சிட்டி காலேஜில் மீண்டும் முழுநேரமாகப் பாடம் நடத்தப் போனார். 70இல் ஓய்வு பெற்றார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் சிறிது காலம் கற்பித்தார், மறுமணம் செய்துகொண்டார், ஊர் சுற்றினார். 72ஆம் வயதில் கொலம்பியாவில் நண்பர்களைப் பார்க்கப் போன இடத்தில், ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் மலையேறும்போது மாரடைப்பு வந்து, சிறிது நேரத்தில் இறந்துபோனார்.

பிரேதப் பரிசோதனை

அப்பாவின் மூளையைப் பரிசோதிக்கப் பால் ஏற்பாடு செய்தார். பரிசோதித்தவர் டாக்டர் மேரி ஜேன் அகிலார். 1969இல் அதைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். நன்றாகத் தேறியவர் ஆயிற்றே, காயமும் ஆறியிருக்கும், அல்லது முதலிலேயே சின்னதாக இருந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சேதம் அப்படியே இருந்தது, பெரிதாகவும் இருந்தது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில், ஒரு பக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு செத்திருந்தது. பெருமூளையின் வெளியடுக்கான புறணியிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கும் நரம்பு இழைகளில் 97 சதவீதம் அங்கே அழிந்திருந்தன.

நாம் கையை நீட்டவோ சட்டைப் பொத்தானைப் போடவோ நினைக்கும்போது, கட்டளை இறங்குகிற முக்கியமான பாதை அது. ஒவ்வொரு பக்கமும் சுமார் பத்து லட்சம் இழைகள். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. அதனால்தான் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலக்கை வலக்கால் விழுகின்றன. புறணியில் விரிந்து பரந்திருக்கும் இழைகள் பான்ஸுக்கு வரும்போது நெருக்கமாகக் கட்டப்பட்டுவிடுகின்றன. அங்கே ஒரு சிறிய ரத்தக்குழாய் அடைத்தாலும் ஒரு பக்கத்து உடம்பு முழுவதும் போகலாம்.

அப்படியானால் அவர் எதை வைத்து மலையேறினார்?

பாதிப்பு ஒரு பக்கத்தில் மட்டும் என்பதை மறக்கக் கூடாது. மறுபக்கத்துப் பாதை நன்றாக இருந்தது. அதிலிருந்தும் ஒரு சிறு பங்கு இழைகள் தாண்டாமல் அதே பக்கத்தில் இறங்குகின்றன. தவிர, மூளைத்தண்டிலிருந்தே முதுகுத் தண்டுக்கு இறங்கும் பழைய பாதைகள் சில உண்டு. நிற்பது, நடப்பது, தோளையும் இடுப்பையும் அசைப்பது ஆகியவற்றில் அவற்றுக்குப் பெரிய பங்கு. பேத்ரோ இறந்து சில ஆண்டுகளில், 1968இல், லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குரங்குகளில் அந்த முக்கியப் பாதையை இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். அவை மீண்டும் நடந்தன, ஓடின, கூண்டில் ஏறின. விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறன் மட்டும் திரும்பவே இல்லை.

டைப்ரைட்டர் பயிற்சியை இப்போது மறுபடி பாருங்கள். முதலில் தோளிலிருந்து முழுக் கை, அடுத்து மணிக்கட்டு, கடைசியில் விரல். மிச்சமிருக்கும் பாதைகளால் எது எளிதோ அதில் ஆரம்பித்து, எது மிகக் கடினமோ அதில் முடிகிறது. கை மீளும்போது பொதுவாகத் தோள் அசைவுதான் முதலில் வரும் என்று டுவிட்செல் என்ற மருத்துவர் 1951இலேயே விவரித்திருந்தார். ஜார்ஜ் அதைப் படித்திருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. உடம்பு அனுமதித்த இடத்தில் தொடங்கி, அது பழகியதும் ஒரு படி கூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். வரிசை தானாக அமைந்துவிட்டது.

விரல் அசைவு எந்த வழியாகத் திரும்பியது? மிஞ்சிய 3 சதவீத இழைகள் அதிகப்படி வேலையை ஏற்றிருக்கலாம். 1996இல் ரான்டால்ஃப் நூடோவின் குழு குரங்குகளில் காட்டியது இதற்குப் பொருந்துகிறது: புறணியில் கையை இயக்கும் பகுதியில் சிறு பக்கவாதம் உண்டாக்கி, கைக்குத் தீவிரப் பயிற்சி கொடுத்தபோது, சுற்றியுள்ள நல்ல பகுதி கைக்குரிய இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. பயிற்சி இல்லாத குரங்குகளில் அந்த இடமும் சுருங்கிப்போனது. அதாவது சும்மா இருந்தால் இருப்பதும் குறையும்.

பாலின் வாழ்க்கையே இந்தப் பரிசோதனையால் திசை மாறியது. நாற்பது வயதைக் கடந்து, மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார். முதுகுத் தோலில் அதிர்வுகளைப் பாய்ச்சிப் பார்வையற்றவர்களுக்கு உருவங்களை உணர்த்தும் நாற்காலியை 1969இல் அறிவித்தவரும் இவர்தான்.

இந்தக் கதை எதைச் சொல்லாது

ஒரே ஒரு நோயாளி. பயிற்சி இல்லாமல் விட்டிருந்தால் எவ்வளவு தேறியிருப்பார் என்று ஒப்பிட இன்னொரு பேத்ரோ கிடையாது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும். வீக்கம் வடியும், முடங்கிக் கிடந்த பகுதிகள் விழிக்கும். 1990களில் கோபன்ஹேகனில் நடந்த பெரிய ஆய்வில் 95 சதவீத நோயாளிகள் அன்றாட வேலைகளில் தங்களால் எட்டக்கூடிய உயர்ந்த நிலையைப் பன்னிரண்டரை வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். "மூணு மாசத்துல வந்தாத்தான், அப்புறம் வராது" என்று வார்டுகளில் சொல்லப்படுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன. கணக்கு சரி. ஆனால் அது வழக்கமான அளவு சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு, அதுவும் அன்றாட வேலைகளைப் பற்றிய கணக்கு. ஒரு விரலுக்கும் இன்னொரு விரலுக்கும் இடையே நடக்கும் முன்னேற்றம் அதில் பதிவாகாது.

அடுத்தது, பாதித்த இடம். பேத்ரோவின் பெருமூளைப் புறணி தப்பியிருந்தது. பேச்சு நின்றதற்குப் பெரும்பாலும் நாக்கு, தொண்டைத் தசைகளின் தளர்ச்சியே காரணமாக இருந்திருக்க வேண்டும். மொழி உள்ளே பத்திரமாக இருந்தது. அதனால்தான் கவிஞர் கவிஞராகத் திரும்பினார், பேராசிரியர் பேராசிரியராகத் திரும்பினார். மூளையின் இடப்பக்க நடுத் தமனி அடைத்து, சொல்வதே புரியாமல்போன ஒருவரோடு பேத்ரோவை ஒப்பிட்டு "அவர் எழுந்தார், நீயும் எழு" என்பது கொடுமை. வலப்பக்க மூளை அடிபட்டவர்கள் சிலருக்குத் தங்கள் இடக்கை இருப்பதே கவனத்தில் வராது. அவர்கள் முயற்சி செய்யாமல் இருக்கிறார்கள் என்று வீட்டில் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவரை மனச்சோர்வும் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மருத்துவம் பார்க்க வேண்டும், அறிவுரை போதாது.

மூன்றாவது, தவழ்தல். இன்று நான் யாருக்கும் அதை முதல் பயிற்சியாகச் சொல்வதில்லை. தளர்ந்த நிலையில் தோள் மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைகள் வேலை செய்வதில்லை; எடையைத் தாங்கவைத்தாலோ, கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாலோ மூட்டு இறங்கிப்போய், மாதக்கணக்கில் வலி நிற்கும். அந்த வலி ஒன்றே மீதிப் பயிற்சியைக் கெடுத்துவிடும். (அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.) கட்டிலில் புரள்வது, பக்கவாட்டில் எழுந்து உட்காருவது, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, இவற்றிலிருந்து தொடங்குவதே இப்போதைய முறை. ஜார்ஜிடம் நான் எடுத்துக்கொள்வது, செய்யும்போதே சரியா தவறா என்று தெரிந்துவிடும் வேலைகளை அவர் தேர்ந்தெடுத்ததை. காசு கையில் வந்ததா இல்லையா, பாத்திரம் கழுவப்பட்டதா இல்லையா.

அளவு

மூளை பழகுவதற்கு எத்தனை தடவை வேண்டும்? விலங்குச் சோதனைகளில் ஒரு நாளைக்குச் சில நூறு தடவை கையை நீட்டி எடுக்கவைக்கிறார்கள். 2009இல் கேத்தரின் லாங்கின் குழு வட அமெரிக்க சிகிச்சை மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது: ஒரு சிகிச்சை நேரத்தில் நோயாளி தளர்ந்த கையால் பயனுள்ள அசைவைச் செய்தது சராசரியாக 32 தடவை. பேத்ரோ பாத்திரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி எடுத்துக்கொண்டார் என்று வைத்தால்கூட, அந்த அரை மணி நேரத்தில் 600 சுற்று. நான்கு வார ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே தோற்றது, சமையலறை எங்கே ஜெயித்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இதே தர்க்கத்தைக் கண்டிப்பாக்கியது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தளர்ந்த கையை மட்டும் பயன்படுத்த வைப்பது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறையோடு இருந்து, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார்கள்; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கை நன்றாகத் தேறியது, ஓராண்டு கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. மூன்று மாதக் கதவு பூட்டப்படவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். துளியும் அசையாத கைக்கு இந்த முறை பொருந்தாது.

அதிகம் என்றால் எப்போதும் நல்லதா? இல்லை. 2015இல் வெளியான, 2,104 பேரைக் கொண்ட அவெர்ட் ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி அடிக்கடி, நீண்ட நேரம் நடமாட வைத்தவர்களின் நிலை மூன்று மாத முடிவில் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. முதல் நாளில் முறுக்கேற்றுவது வேறு, நான்காம் வாரத்தில் கைவிடாமல் இருப்பது வேறு.

வீட்டார் செய்தால் போதுமா

ஜார்ஜின் கதையைக் கேட்கும் யாருக்கும் வரும் யோசனைதான்: பிசியோதெரபிஸ்ட் கிடைக்காத ஊர்களில் வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன? இந்தியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பிரிவில் வீட்டிலிருந்து ஒருவரைத் தேர்ந்து, ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் செய்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள், பிறர் உதவியில் இருந்தவர்கள் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது, எனக்கும்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முரண் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஜார்ஜுக்கு மருத்துவப் படிப்பு இருந்தது, வீட்டில் தோட்டக்காரர் இருந்தார், அப்பாவின் பக்கத்திலேயே நாள் முழுவதும், மாதக்கணக்கில் யாராவது இருந்தார்கள். நம் வீடுகளில் பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். அவருக்குச் சமையல், பிள்ளைகள், பல சமயம் கூலி வேலையும் உண்டு. அவர் கையில் ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுவாழ்வு நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் ஏற்கெனவே நடக்கும் எந்த வேலையில் அந்தக் கையைச் சேர்க்கலாம் என்பதைத்தான். வெங்காயம் உரிக்கும்போது பிடித்துக்கொள்வது, துணி மடிப்பது, மாவு பிசைவது, குழாயைத் திருகுவது, பூஜை மணியை ஆட்டுவது. தனியாக நேரம் ஒதுக்க முடியாத வீட்டிலும் இவை நடந்தே தீரும். கூடவே பிரஷர், சுகர் மாத்திரைகளையும் ரத்தக் கட்டிக்கு எதிரான மாத்திரையையும் யார் எடுத்துக் கொடுப்பது என்று பெயர் சொல்லி எழுதிவைக்கச் சொல்வேன். இரண்டாவது பக்கவாதம் வந்தால் முதல் ஆறு மாத உழைப்பும் போய்விடும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், தேறி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.